தலை, கழுத்துப் பகுதியில் வரும் சார்கோமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்திலோ தாடையிலோ உச்சந்தலையிலோ இருந்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையில் ‘சார்கோமா’ என்று வந்தால், பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெயரையே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் கை, கால் சார்கோமா பற்றி நிறையக் கிடைக்கிறது. வாய்ப்புற்றுநோய் பற்றி அதைவிட நிறையக் கிடைக்கிறது. இரண்டுமே இந்த நோய்க்கு முழுதாகப் பொருந்தாது. குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் ஒருமுறை படித்துக்கொண்டால், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது தெளிவாகும்.

சார்கோமா என்றால் என்ன? இதுவும் வாய்ப்புற்றுநோய் மாதிரிதானா?

இல்லை. வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலில் தொடங்குபவை. அவற்றைக் கார்சினோமா என்பார்கள். சார்கோமா அதற்கு அடியில் இருக்கும் திசுக்களில் தொடங்குகிறது: தசை, எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, நரம்பின் உறை, ரத்தக்குழாய். தலை, கழுத்துப் புற்றுநோய் நூறு பேருக்கு இருந்தால் அதில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் சார்கோமா இருக்கும். பரபரப்பான புற்றுநோய் மருத்துவர்கூட வருடத்தில் சிலரை மட்டுமே பார்ப்பார்.

அந்தச் சிலருக்கும் ஒரே நோய் இல்லை. சார்கோமாவில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் பத்து வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சில வகைகள் சில வாரங்களில் இரண்டு மடங்காகும். ‘சார்கோமாவுக்கு என்ன சிகிச்சை?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த வகை, எந்த இடம், எவ்வளவு வேகம் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

புகையிலை, வெற்றிலை பாக்கு, மது எதுவும் கிடையாது. பிறகு ஏன் வந்தது?

இந்த நோய்க்கும் புகையிலைக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை. பெரும்பாலோருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு செல் பிரியும்போது இரண்டு குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்வதால் சில வகைகள் உண்டாகின்றன. அதை யாரும் தடுத்திருக்க முடியாது.

தெரிந்த காரணங்கள் சில உண்டு. முன்பு அதே இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பல வருடங்கள் கழித்து வரலாம். டி.பி.53 மரபணுக் கோளாறு பரம்பரையாக உள்ள லி-ஃப்ராமெனி குடும்பங்கள், கைக்குழந்தையாக இருந்தபோது விழித்திரைப் புற்றுநோய் வந்தவர்கள், நரம்புகளில் கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். உச்சந்தலையில் வரும் ஆஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ச் சார்கோமாவில் வெயிலின் புறஊதாக் கதிர் விட்டுச்சென்ற தடயம் மரபணுவிலேயே தெரிகிறது.

‘போன வருஷம் அடிபட்டதே, அதனாலா?’ என்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அடிபட்டதால் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கும், அவ்வளவுதான். நோயாளியையோ அவரைப் பார்த்துக்கொண்டவர்களையோ தயவுசெய்து குற்றம் சொல்லாதீர்கள். இது தொற்றுவதும் இல்லை.

எந்த அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது?

வலியில்லாமல் வளரும் கட்டிதான் பொதுவான அறிகுறி. வலி இல்லை என்பதாலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மற்ற அறிகுறிகள் இடத்தைப் பொறுத்தவை.

தாடை எலும்பு என்றால் பல் ஆடும். பல்லைப் பிடுங்கிய பிறகும் குழி ஆறாமல் சதை புடைத்து வளரும். சொத்தையோ ஈறு நோயோ இல்லாமல் பல் ஆடினாலும், கீழுதடும் முகவாயும் ஒரு பக்கம் மரத்துப்போனாலும் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை முதலில் கவனிக்கக்கூடியவர் பல் மருத்துவர். அவர் கண்ணில் பட்டுவிட்டால் பல மாதங்கள் மிச்சம்.

குழந்தைக்கு ஒரு கண் மட்டும் சில வாரங்களில் முன்னால் பிதுங்கி வந்தாலோ, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் வந்தாலோ, காதுக்குள் சதை வளர்ந்து சீழும் ரத்தமும் வடிந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

வயதானவர்களின் உச்சந்தலையிலோ நெற்றியிலோ காயமே படாமல் ரத்தக்கட்டு மாதிரி ஊதா நிறத் திட்டு வந்து, ஆறாமல் பரவினால் அதையும் பயாப்சி (திசுவைத் துண்டாக எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பது) செய்து பார்க்க வேண்டும்.

ஊசி போட்டு எடுக்கும் பரிசோதனை செய்தாயிற்று. அது போதாதா?

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. கழுத்துக் கட்டிகளுக்கு வழக்கமான முதல் பரிசோதனை. சார்கோமா விஷயத்தில் அது சந்தேகத்தை எழுப்புவதோடு நின்றுவிடும். வகையைச் சொல்லத் திசு துண்டாக வேண்டும். பருமனான ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியோ, சிறு வெட்டு வைத்து எடுக்கும் பயாப்சியோ தேவை. வெட்டு வைப்பதாக இருந்தால், பின்னால் பெரிய ஆபரேஷன் செய்யப்போகிறவரைக் கேட்டு அவர் சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். அந்தத் தழும்பையும் அவர் பிற்பாடு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் பயாப்சிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. கட்டியைக் கிளறிய பிறகு எடுத்தால் வீக்கமும் ரத்தக்கசிவும் படத்தைக் குழப்பும்.

பயாப்சி அறிக்கை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சார்கோமாவில் பழக்கமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் அதே ஸ்லைடுகளைக் காட்டுங்கள். பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் மூன்று வட்டாரங்களில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், நிபுணர் மறுபடி பார்த்தபோது 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் ஏதோ ஒரு விதத்தில் மாறின. சிலருக்கு வகை மாறியது, சிலருக்கு வேகத்தின் தரம் மாறியது, சிலருக்கு அது சார்கோமாவே இல்லை என்றானது. மருத்துவர்களின் திறமைக் குறைவால் இப்படி ஆவதில்லை. நோய் அபூர்வம் என்பதால் கண்ணுக்குப் பழக்கம் குறைவு.

தலை, கழுத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடம் அதிகம். வாயிலும் குரல்வளையிலும் வரும் சில கார்சினோமாக்கள் நுண்ணோக்கியில் அச்சு அசலாகச் சார்கோமா போலத் தெரியும். அவற்றுக்குச் சிகிச்சையே வேறு. நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒன்று உண்டு. சில வாரங்களில் வேகமாக வளர்ந்து பயமுறுத்தும், ஆனால் புற்றுநோயே இல்லை. இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் இம்யூனோ சாயப் பரிசோதனையும் ஃபிஷ் போன்ற மரபணுப் பரிசோதனைகளும் செய்கிறார்கள். செலவு கூடும், முடிவு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். தப்பான வகைக்குச் சிகிச்சையைத் தொடங்குவதைவிட அந்தக் காத்திருப்பு மேல். மிக வேகமாக வளரும் கட்டியும், மூச்சையோ பார்வையையோ அழுத்தும் கட்டியும் மட்டும் விதிவிலக்கு. அப்போது எது முன்னால், எது பின்னால் என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும்.

‘வெறும் கொழுப்புக் கட்டி’ என்று எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துச் சார்கோமா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

உலகம் முழுக்க நடப்பதுதான் இது. சாதாரணக் கட்டி என்று நினைத்து எடுக்கும்போது அதைச் சுற்றி நல்ல திசுவை ஓரமாக விட்டு வெட்டுவதில்லை. கட்டியை ஒட்டியே பிரித்து எடுத்துவிடுகிறார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். ‘முழுசாக எடுத்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

ஆபரேஷன் குறிப்பு, எடுத்த திசுவின் மெழுகு பிளாக், முன்பு எடுத்த ஸ்கேன் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்த்துக்கொண்டு சார்கோமா பார்க்கும் மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் கட்டி இருந்த இடத்தை மறுபடி அகலமாக எடுப்பார்கள், கதிர்வீச்சும் சேரலாம். முறையாகச் செய்தால் நிலைமையை மீட்டுவிட முடியும். ஆனால் முதல் ஆபரேஷனே திட்டமிட்டு நடந்திருந்தால் கிடைத்திருக்கும் சுலபம் இருக்காது. கழுத்தில் ஆழமாக இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, இரண்டு செ.மீ.-ஐத் தாண்டிய கட்டி எதையும் ஸ்கேனும் பயாப்சியும் இல்லாமல் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஜ் எத்தனை என்று கேட்டால் மருத்துவர் மழுப்புகிறாரே?

அவர் மழுப்பவில்லை. கை, கால் சார்கோமாவில் ஐந்து செ.மீ. வரை சிறியது என்று கணக்கு. முகத்தில் ஐந்து செ.மீ. என்பது மிகப் பெரியது. அதனால் 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஏ.ஜே.சி.சி. (புற்றுநோயின் ஸ்டேஜை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) விதிகளின் எட்டாம் பதிப்பில் தலை, கழுத்து மென்திசுச் சார்கோமாவுக்குத் தனி அளவு வைத்தார்கள்: 2 செ.மீ. வரை டி1, 4 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3, கண்குழி, மண்டையோட்டின் அடித்தளம் போன்ற பக்கத்து உறுப்புகளுக்குள் நுழைந்திருந்தால் டி4. போதுமான தகவல் இல்லாததால் இவற்றைச் சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டேஜ் எண் தரவில்லை. ஸ்டேஜுக்குப் பதிலாகக் ‘கிரேடு என்ன?’ என்று கேளுங்கள். செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, கட்டிக்குள் எவ்வளவு செத்துப்போன பகுதி இருக்கிறது என்பதை வைத்து 1 முதல் 3 வரை கிரேடு போடுவார்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு சி.டி. கட்டாயம்.

ஆபரேஷனில் முகம் என்ன ஆகும்?

எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது. கேட்கத் தயங்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு வரும் பெரும்பாலான வகைகளில் ஆபரேஷன்தான் முதன்மைச் சிகிச்சை. கட்டியைச் சுற்றி நல்ல திசுவையும் ஓரமாகச் சேர்த்து, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். தொடையில் அதற்கு இடம் இருக்கிறது. முகத்தில் ஒரு பக்கம் கண், ஒரு பக்கம் முகநரம்பு, பின்னால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய். ஓரத்தில் நோய் மிஞ்சினால் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. கை, கால் சார்கோமா பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவித்தான் உயிரை எடுக்கிறது. தலை, கழுத்தில் அதே இடத்தில் திரும்பி வருவதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மருத்துவர்கள் ஓரத்தைப் பற்றி அவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

எடுத்த இடத்தைச் சரிசெய்வதில் கடந்த நாற்பது வருடங்களில் பெரிய முன்னேற்றம் வந்திருக்கிறது. கீழ்த்தாடையை எடுத்துவிட்டுக் காலின் ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து வந்து, தாடை வடிவத்தில் வளைத்துப் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கி வைத்து இணைக்கும் முறையை 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பதிவு செய்தார். இன்று நம் ஊர் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இது வழக்கமான ஆபரேஷன். கால் நடையும் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே பிளாஸ்டிக் சர்ஜனைச் சந்தித்து, பேச்சு, மெல்லுதல், விழுங்குதல், தோற்றம் நான்கையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வாய்ப்புற்றுநோய் போல இது நெறிகள் வழியாகப் பரவுவது குறைவு. ராப்டோமயோசார்கோமா (தசை போன்ற செல்களால் ஆனது, குழந்தைகளுக்கு அதிகம் வருவது), ஆஞ்சியோசார்கோமா, எபிதெலாய்டு சார்கோமா போன்ற சில வகைகளில் மட்டும் நெறிகளைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

கதிர்வீச்சு எப்போது? ஆபரேஷனுக்கு முன்பா, பிறகா?

கிரேடு அதிகம், கட்டி பெரியது, ஓரம் போதவில்லை என்ற நிலைகளில் கதிர்வீச்சு சேர்ப்பார்கள். முன்பே கொடுத்தால் சுமார் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும், படும் பரப்பும் சிறியது. பிறகு கொடுத்தால் 60 முதல் 66 கிரே வரை போகும். முன்பே கொடுப்பதில் ஒரு சங்கடம், காயம் ஆறுவது தாமதமாகும். கை, கால் சார்கோமாவில் கனடாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், முன்பே கொடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கும், பிறகு கொடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் காயப் பிரச்சினை வந்தது. தலை, கழுத்தில் ரத்தஓட்டம் நன்றாக இருப்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவு வராது. கண்ணுக்கும் மூளைத்தண்டுக்கும் பக்கத்தில் 10 முதல் 16 கிரே வரை குறைவது சின்ன விஷயம் இல்லை.

மண்டையோட்டின் அடித்தளத்தில் வரும் காண்ட்ரோசார்கோமா (குருத்தெலும்புச் சார்கோமா), கார்டோமா என்ற அபூர்வ எலும்புக் கட்டி இரண்டுக்கும் புரோட்டான் சிகிச்சை உண்மையிலேயே பொருத்தமானது. புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், பின்னால் இருக்கும் மூளைத்தண்டுக்குப் போகும் அளவு குறையும். குழந்தைகளின் முகத்துக்கும் இதை யோசிப்பார்கள். சென்னை தரமணியில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. எல்லோருக்கும் இது தேவையில்லை. செலவு அதிகம் என்பதாலேயே மேலானது என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். உங்கள் கட்டி இருக்கும் இடத்தில் ஐ.எம்.ஆர்.டி. என்ற வழக்கமான எக்ஸ்ரே கதிர்வீச்சு முறையைவிட என்ன கூடுதல் பலன் என்று நேரடியாகக் கேளுங்கள்.

எல்லோருக்கும் கீமோ உண்டா?

கிடையாது. ராப்டோமயோசார்கோமாவுக்கும், பெரும்பாலும் எலும்பில் வரும் யூவிங் சார்கோமாவுக்கும் கீமோ இல்லாமல் சிகிச்சையே இல்லை. மற்ற மென்திசுச் சார்கோமாக்களில் டாக்சோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைடு மருந்துகளால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறியது. கட்டி பெரிதாகவும் கிரேடு 3 ஆகவும் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் யோசிப்பார்கள். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பிறகே தொடங்குவார்கள். மெதுவாக வளரும் வகைகளில் கீமோவுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ‘கீமோ வேண்டாம் என்றுவிட்டார்கள், கைவிட்டுவிட்டார்களோ?’ என்று சிலர் கலங்குகிறார்கள். உங்கள் வகைக்கு அது உதவாது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

குழந்தைக்கு ராப்டோமயோசார்கோமா என்கிறார்கள். பிழைத்துக்கொள்வாளா?

இந்தப் பதிலை நம்பிக்கையோடு எழுத முடிகிறது. குழந்தைகளின் ராப்டோமயோசார்கோமாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தலை, கழுத்தில்தான் வருகிறது. 1970-க்கு முன் கண்குழியில் வந்தால் கண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் வழக்கம். அப்படியும் இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1972-இல் அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டு ஆய்வுக் குழுவைத் தொடங்கின. ஒவ்வொரு மருத்துவமனையிலும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே குழந்தைகள் இருந்ததால், எல்லோருடைய அனுபவத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதிலிருந்து படிப்படியாக வந்ததுதான் இன்றைய சிகிச்சை: வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு கீமோ, அதோடு கதிர்வீச்சு. பரவாமல் கண்குழிக்குள் மட்டும் இருந்தால் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள், பெரும்பாலோர் கண்ணையும் இழக்காமல்.

மூக்கின் பின்பகுதி, சைனஸ், நடுக்காது போல மூளையுறையை ஒட்டிய இடங்களில் வந்தால் சிகிச்சை கடினம். அங்கே முழுதாக வெட்டி எடுக்க முடியாது, அதனால் கீமோவும் கதிர்வீச்சும்தான் வேலை செய்ய வேண்டும். வேறெங்கும் பரவாமல் இருந்தால் சுமார் 70 சதவீதக் குழந்தைகள் மீண்டுவிடுகிறார்கள். ஃபாக்ஸோ1 என்ற மரபணு இணைவு இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். இருந்தால் நோய் கொஞ்சம் முரட்டுத்தனமானது, சிகிச்சையும் அதற்கேற்பக் கூடும். உடல் முழுதும் பரவிய நிலையில் வரும் குழந்தைகளின் நிலை இன்னும் கடினமாகவே இருக்கிறது.

ஆபத்து கூடுதலாக உள்ள குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை முடிந்த பிறகு இன்னும் ஆறு மாதம் வினோரெல்பின் ஊசியும் குறைந்த அளவு சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஐரோப்பிய ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 73.7 சதவீதத்திலிருந்து 86.5 சதவீதமாக உயர்ந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. பழைய, விலை குறைந்த மருந்துகளை வைத்தே கிடைத்த பலன் இது. உங்கள் குழந்தைக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள்.

குழந்தை வளர வளரச் சில பின்விளைவுகள் தெரியும்: முகத்தின் ஒரு பக்க எலும்பு வளர்ச்சி குறைதல், கண்புரை, பல் முளைப்பதில் கோளாறு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு. பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம் என்பதால் அதைக் காக்கும் வழிகளைக் கீமோ தொடங்கும்முன் பேசிவிட வேண்டும். சங்கோஜத்தில் இதை யாரும் எடுப்பதில்லை, நீங்களே கேட்டுவிடுங்கள்.

தாடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா. முழங்காலில் வருவதுதானா இது?

பெயர் ஒன்று, நடத்தை வேறு. முழங்காலில் வருவது பெரும்பாலும் பதின்ம வயதில்; தாடையில் வருவது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும். தாடையில் வந்தால் நுரையீரலுக்குப் பரவுவது குறைவு. ஓரம் சுத்தமாக எடுக்க முடிந்ததா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. முழங்காலுக்குக் கீமோ கட்டாயம். தாடைக்கு அது எவ்வளவு உதவும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் கீமோ என்றும் இன்னொன்றில் நேராக ஆபரேஷன் என்றும் சொன்னால் யாரோ ஒருவர் தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமான ஓரத்தோடு எடுக்க முடிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வருடம் தாண்டி நலமாக இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 76. தலையில் ஆஞ்சியோசார்கோமா. ஏன் மருத்துவர்கள் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

கண்ணுக்குத் தெரியும் திட்டு ஒரு பகுதிதான். நோய் தோலுக்கடியில் அங்கங்கே தனித்தனியாகப் பரவியிருக்கும், ஓரம் எங்கே என்று வெட்டும்போதும் தெரியாது. அதனால் அகலமான ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பி வருகிறது. ஐந்து வருடம் தாண்டுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், பல ஆய்வுகளில் அதற்கும் குறைவு. இதை மறைப்பதில் பயனில்லை.

இருந்தாலும் இந்த வகையில்தான் சமீபத்தில் நல்ல திருப்பம் வந்திருக்கிறது. வாராவாரம் கொடுக்கும் பேக்ளிடாக்சல் வயதானவர்களும் தாங்கக்கூடிய மருந்து, கட்டியை நன்றாகச் சுருக்கும். அடுத்ததாக, 2017-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆஞ்சியோசார்கோமா புராஜெக்ட். நோயாளிகளே இணையம் வழியாகப் பதிந்து தங்கள் திசுவையும் மருத்துவப் பதிவுகளையும் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அதை முன்னின்று நடத்திய விஞ்ஞானி கோரி பெய்ன்டருக்கே முன்பு ஆஞ்சியோசார்கோமா வந்திருந்தது. தலை, முகத்தில் வரும் ஆஞ்சியோசார்கோமாவில் மரபணு மாற்றங்கள் மிக அதிகம், அதனால் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் வேலை செய்யலாம் என்று 2020-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே வெளியான ஒரு சிறு ஆய்வில், இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தலை, முகத் தோலில் நோய் இருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது. ஐந்து பேர் மிகக் குறைவு, விலையும் மிக அதிகம். ஆனாலும் மருத்துவரிடம் கேட்கத் தகுந்த வழி இது.

நல்ல பலன் தரும் வகைகளே இல்லையா?

நிறைய இருக்கின்றன. தோலில் வரும் டி.எஃப்.எஸ்.பி. என்ற மெதுவாக வளரும் சார்கோமா வேறிடத்துக்குப் பரவுவது அபூர்வம், உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் அருகம்புல் வேர்போல அடியில் ஓடியிருக்கும். ஓரங்களை உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எடுக்கும் மோஸ் முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். எடுக்க முடியாவிட்டால் இமாடினிப் மாத்திரை உண்டு. குரல்வளைக் குருத்தெலும்பில் வரும் காண்ட்ரோசார்கோமா பெரும்பாலும் மெதுவானது. குரலைக் காப்பாற்றும் அளவான ஆபரேஷனே பலருக்குப் போதும். மண்டையோட்டின் அடித்தளத்தில் வரும் காண்ட்ரோசார்கோமாவில் ஆபரேஷனும் புரோட்டானும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் கட்டுப்படுகிறது.

புது மருந்துகள் வந்திருக்கிறதாமே?

வகையைப் பொறுத்து. குழந்தைகளின் நாக்கிலும் கண்குழியிலும் வரக்கூடிய ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா பரவிய நிலையில் இருந்தால் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தான அடிசோலிசுமாப் கொடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. வழக்கமான கீமோ ஏறக்குறைய பலனே தராத வகை அது. சைனோவியல் சார்கோமாவுக்கு, நோயாளியின் சொந்த டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) மாற்றித் திருப்பி ஏற்றும் சிகிச்சை 2024 ஆகஸ்டில் அங்கே அனுமதி பெற்றது. பாசோபானிப் மாத்திரை 2012 முதல் இருக்கிறது. நோயை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும், குணமாக்காது. இவற்றில் எது பொருந்தும் என்பதைச் சொல்லவும் வகையின் பெயர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நாட்டு மருந்து, சித்த மருந்து சேர்த்து எடுக்கலாமா?

சிகிச்சை நடக்கும்போது மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். கீமோவும் ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து தாமதம். முழுதாக எடுத்திருக்கக்கூடிய கட்டி மூன்று மாதத்தில் கைமீறிப் போவதுதான் எல்லாவற்றையும்விட வருத்தமானது.

மொத்தத்தில் பிழைக்க வாய்ப்பு எவ்வளவு?

பெரியவர்களில் எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதம். இந்த எண்ணை வைத்து உங்கள் வீட்டு நோயாளியைக் கணக்குப் போடாதீர்கள். டி.எஃப்.எஸ்.பி.-யும் ஆஞ்சியோசார்கோமாவும் ஒன்றாகக் கலந்த சராசரி அது; இரண்டில் எதற்கும் அது உண்மை இல்லை. வகை, கிரேடு, அளவு, ஓரம் சுத்தமா, பரவியிருக்கிறதா என்ற ஐந்தையும் வைத்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும்.

எங்கே போவது? எதை எடுத்துக்கொண்டு போவது?

தலை, கழுத்து அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர், நோயியல் நிபுணர், பிளாஸ்டிக் சர்ஜன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டு உள்ள இடத்துக்கு. பிரான்ஸில் நாடு முழுக்கச் சார்கோமா மையங்களை ஒரே வலைப்பின்னலாக இணைத்தபோது, சிகிச்சை தொடங்கும்முன் இப்படிக் கூடிப் பேசப்பட்ட நோயாளிகளுக்கு நோய் திரும்புவது குறைந்ததைக் கண்டார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. இலங்கையில் மஹரகம அபேக்‌ஷா மருத்துவமனை. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்கேன்களின் சி.டி. (பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது), பயாப்சி ஸ்லைடுகளும் மெழுகு பிளாக்குகளும், ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பு. பிளாக்கை வாங்க லேபில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது கருத்து கேட்பதால் முதல் மருத்துவர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டாம். அபூர்வ நோய் என்று தெரிந்த நல்ல மருத்துவர் தாமே அனுப்பி வைப்பார்.

சிகிச்சை முடிந்தது. இனி எத்தனை நாள் வர வேண்டும்?

முதல் இரண்டு மூன்று வருடம், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் நோய் திரும்புவது இந்தக் காலத்தில்தான். பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை. இடத்துக்கு எம்.ஆர்.ஐ., நுரையீரலுக்கு எக்ஸ்ரே அல்லது சி.டி. மெதுவாக வளரும் வகைகள் பத்து வருடம் கழித்தும் திரும்பலாம், அதனால் ‘ஐந்து வருடம் ஆகிவிட்டது, போதும்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நடுவில் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் தாடை இறுகிப்போய் வாய் திறப்பது குறையும். வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் விடாமல் செய்ய வேண்டும், முதல் வருடம் கட்டாயம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் கதிர்வீச்சு எடுத்த விவரத்தைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த எலும்பு எளிதில் ஆறாது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டிருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குக் காது கேட்கும் திறனையும் பரிசோதிக்க வேண்டும். விழுங்குவதிலும் பேச்சிலும் சிரமம் இருந்தால் அதற்கென்றே தெரபிஸ்ட் இருக்கிறார்கள். ‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்று இவற்றைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்லுங்கள்.